ஜன்னல் கைப்பிடி மாற்றுதல்: தச்சருக்குக் காத்திராமல் நாமே செய்ய ஒரு வழிகாட்டி

கைப்பிடி ஆடத் தொடங்கும்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு திருகாணி கழன்று விழும். எடுத்து ஜன்னல் திண்டில் வைப்போம். மிச்சமுள்ள ஒற்றைத் திருகாணியை நம்பிச் சில மாதங்கள் ஓடும். பிறகு ஐப்பசி மழையில் மரம் ஊறி, கதவு சட்டத்தோடு இறுகிக்கொள்ளும். சாரல் உள்ளே அடிக்கிற அவசரத்தில் பலமாக இழுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். தச்சருக்குச் சொல்லி அனுப்பினால் இன்று, நாளை என்று நாள் போகும். அவரையும் குறை சொல்ல முடியாது. அரை மணி நேர வேலைக்காக அவர் வேறோர் இடத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும்.

இந்த வேலையை வீட்டில் உள்ள எவரும் செய்யலாம். இதுவரை திருப்புளியைக் கையில் எடுக்காதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜன்னல் கைப்பிடி பெரும்பாலும் தானாக உடைவதில்லை. வேறு எதுவோ அதை உடைக்கிறது. கீல் தளர்ந்திருக்கும், கதவு இறங்கியிருக்கும், உருளை தேய்ந்திருக்கும், உள்ளே பூட்டு காய்ந்து போயிருக்கும். அந்தச் சுமை முழுவதும் கைப்பிடியின் மேல் இறங்குகிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதன் வழியிலேயே போகும்.

உடைத்தது எது?

மர ஜன்னலானால், கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத பக்கத்து ஓரத்தை இரு விரலால் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் அசைந்தால் கீலின் திருகாணிகள் தளர்ந்துவிட்டன. மேல் கீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; கதவின் எடை அதைத்தான் வெளியே இழுக்கிறது. அடுத்து, கைப்பிடியைத் தொடாமல் கதவை மெதுவாக மூடுங்கள். எங்கே உரசுகிறது என்பது கைக்கே தெரியும். பெயிண்ட் வழவழவென்று தேய்ந்து மின்னும் இடம் கண்ணுக்கும் காட்டிக்கொடுக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் இறுகும் கதவை அந்த நேரத்தில் இழைக்காதீர்கள். ஊறிய மரத்தை இழைத்தால், தை மாசி வெயிலில் அது சுருங்கிய பிறகு விரல் நுழையும் இடைவெளி விழும். உலர்ந்த பருவத்தில், உரசும் இடத்தை மட்டும் இழைப்புளியால் லேசாகச் சீவி, உடனே பெயிண்டோ வார்னிஷோ பூசிவிட வேண்டும். பச்சையாக விட்ட ஓரம்தான் அடுத்த மழையில் முதலில் தண்ணீரைக் குடிக்கும்.

நகரும் அலுமினிய ஜன்னலில் கதவு சீராக ஓடுகிறதா, தடத்தில் அழுந்திக் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். கரகரத்தால் அடியில் உள்ள உருளை தேய்ந்திருக்கலாம். தடத்தில் மணல் சேர்ந்திருக்கலாம். யூபிவிசி, அதாவது கெட்டி பிளாஸ்டிக் சட்டம் கொண்ட ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். கதவின் ஓரத்தில் உள்ள பூட்டுக் குமிழ்கள் மேலும் கீழும் நகர வேண்டும். கைப்பிடி இறுக்கமாகத் திரும்பினால் உள்ளே எண்ணெய் வற்றியிருக்கிறது. திரும்புகிறது, ஆனால் குமிழ் நகரவில்லை என்றால் கைப்பிடியின் உள்தண்டு தேய்ந்திருக்கலாம்; கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பட்டையே உடைந்தும் இருக்கலாம். அதைப் பிரித்தறியும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன்

பழைய கைப்பிடியைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதுதான் சிறந்த வழி. உடைந்த துண்டுகளையும் கழன்ற திருகாணிகளையும் ஒரு சிறு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் வடிவத்தைக் காட்டும், அளவைக் காட்டாது.

எடுத்துச் செல்ல முடியாவிட்டால் ஓர் அளவு கட்டாயம் வேண்டும்: இரண்டு திருகாணித் துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். நடுப்புள்ளியைக் கண்ணால் மதிப்பிட்டால் ஓரிரு மில்லிமீட்டர் பிசகும். மேல் துளையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்த் துளையின் மேல் விளிம்பு வரை அளந்தால் அதுவே நடுவிலிருந்து நடு வரையிலான தூரம். துளைகள் இரண்டும் ஒரே அளவாக இருந்தால் போதும்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கடைகளில் கைப்பிடியை இன்னும் அங்குலத்தில்தான் கேட்கிறோம். ‘நாலு அங்குலம்’, ‘ஆறு அங்குலம்’ என்று. அது சில கைப்பிடிகளில் முழு நீளத்தைக் குறிக்கும், சிலவற்றில் துளைக்குத் துளை உள்ள தூரத்தைக் குறிக்கும். இன்று வரும் பல கைப்பிடிகள் 32 மில்லிமீட்டரின் மடங்குகளில், அதாவது 96, 128, 160 என்ற துளை இடைவெளியில் செய்யப்படுகின்றன. நாலு அங்குலம் என்பது 101.6 மில்லிமீட்டர். பழைய நாலு அங்குலத் துளையில் புதிய 96 மில்லிமீட்டர் கைப்பிடி உட்காராது. அந்த ஐந்தரை மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய தொல்லை. புதுத் துளை பழைய துளையின் ஓரத்திலேயே விழும். திருகாணி வழுக்கிப் பழைய துளைக்குள் சாயும். ஒன்று அதே இடைவெளியில் தேடி வாங்குங்கள், அல்லது நன்றாகவே வேறுபடும் நீளத்தில் வாங்கிப் புது மரத்தில் துளையிடுங்கள்.

எந்த உலோகம்?

விலை இங்கேதான் மாறுகிறது, ஆயுளும் இங்கேதான். பளபளவென்று முலாம் பூசி வரும் மலிவான கைப்பிடிகள் பல, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. முலாம் ஒரு புள்ளியில் விட்டதும் கொப்புளம் கிளம்பும். அதைச் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். வார்ப்பு என்பதால் வளைந்து கொடுக்காமல் பட்டென்று முறியும். உள் அறைகளுக்கு அது போதும். சாரல் படும் ஜன்னலுக்கு வேண்டாம்.

பித்தளை நெடுங்காலம் நிற்கும். கறுக்கும், ஆனால் அழியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, உப்புக் காற்றைத் தாங்கும் திறனும் குறைவு. 316-இல் கூடுதலாக இரண்டு சதவீதம் அளவுக்கு மாலிப்டினம் இருக்கும். கடல் உப்பு குத்துக்குத்தாக அரிப்பதை அது தடுக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து நல்ல எஸ்.எஸ். என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. அந்தச் சோதனையால் இவற்றைப் பிரிக்க முடியாது. கைப்பிடியின் மீதோ அட்டையிலோ எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருவான்மியூர், ராயபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் 316 கிடைக்கும் வரை தேடுவது வீண் வேலை அல்ல, கிடைக்காவிட்டால் பித்தளை.

திருகாணியும் கைப்பிடியின் உலோகத்திலேயே இருக்கட்டும். இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும். பித்தளைக் கைப்பிடியை இரும்புத் திருகாணியால் பூட்டினால் சில மழைக்காலங்களில் கைப்பிடி புதிதாக இருக்கும், திருகாணித் தலை மட்டும் துருவாய் உதிரும். கைப்பிடியோடு பொட்டலத்தில் வரும் திருகாணிகள் பெரும்பாலும் மெல்லிய முலாம் பூசிய இரும்புதான். அவற்றை ஒதுக்கிவிட்டுத் தனியாக நல்லதை வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

தட்டைமுனைத் திருப்புளி ஒன்று, நட்சத்திரமுனைத் திருப்புளி ஒன்று. முனை திருகாணித் தலைக்குள் ஆடாமல் பொருந்த வேண்டும்; சிறிய முனையால் பெரிய திருகாணியைத் திருகுவதுதான் தலை தேய்வதற்கு முதற்காரணம். அளவுநாடா, குத்தூசி, பென்சில், குறடு, மரம் ஒட்டும் பசை, மூங்கில் சிம்பு, உப்புத்தாள், துரு இளக்கும் எண்ணெய். புதுத் துளை போடவோ கழலாத தலையைத் துளைத்தெடுக்கவோ வேண்டுமென்றால் மட்டும் டிரில். திருகாணியை முடுக்குவதற்கு மின்சார டிரில்லைப் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கைதான் உணரும்.

நம் வீடுகளில் ஜன்னல் கதவு பெரும்பாலும் வெளிப்புறம் திறக்கும், கம்பி உள்புறம் இருக்கும். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். மாடியில் இருந்தால், கழன்ற திருகாணியோ திருப்புளியோ நழுவினால் கீழே நடந்து போகிறவர் தலையில்தான் விழும். ஒரு பழைய துண்டின் இரு முனைகளையும் கம்பியில் கட்டி, கைக்குக் கீழே தொட்டில்போல் தொங்கவிடுங்கள். திருப்புளியின் பிடியில் ஒரு நூலைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கம்பியே இல்லாத ஜன்னலில் வெளியே எட்டி வேலை செய்யக் கூடாது. எவ்வளவு சின்ன வேலையானாலும் கூடாது.

பழையதைக் கழற்றுதல்

நேரம் பிடிப்பது இதுதான். பத்து, இருபது வருடப் பெயிண்ட் திருகாணித் தலையை மூடியிருக்கும். முதலில் ஒரு பிளேடால் கைப்பிடியின் விளிம்பைச் சுற்றிப் பெயிண்டைக் கீறுங்கள். இல்லாவிட்டால் கைப்பிடி வரும்போது கதவின் பெயிண்டையும் பாளம் பாளமாக உரித்துக்கொண்டு வரும். பிறகு குத்தூசியால் திருகாணித் தலையின் வெட்டில் அடைத்திருக்கும் பெயிண்டைத் தோண்டி எடுங்கள். வெட்டு அடிவரை தெரிய வேண்டும்.

வீடு பழையதானால் உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துப் புழுதி கிளப்பாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த திருகாணி அசையாவிட்டால் இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். திருப்புளியைத் தலையில் வைத்து, அதன் பின்புறத்தைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். துருவின் பிடி சற்று விடும். அடுத்து, கழற்றும் திசையில் திருகும் முன், இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருகிப் பாருங்கள். சின்ன ‘டக்’ சத்தத்தோடு பிடி விட்டால் இனி எளிதாக வரும். திருகும் பலத்தைவிட உள்நோக்கி அழுத்தும் பலம் அதிகமாக இருக்கட்டும்.

தலை வழுக்கிப்போன திருகாணிக்கு, அகலமான ரப்பர் பேண்ட் துண்டைத் தலைமேல் வைத்து, அதன் வழியே திருப்புளியை அழுத்தித் திருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆக்ஸா பிளேடால் தலையின் குறுக்கே புதிதாக ஒரு வெட்டுப் போடலாம். கடைசி வழி, தலையை டிரில்லால் துளைத்து எடுத்துவிடுவது. கைப்பிடி வந்துவிடும். மிஞ்சிய தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகி எடுக்கலாம். மரத்தோடு மட்டமாக ஒடிந்துவிட்டால் அதை உள்ளேயே விட்டு, புதிய கைப்பிடியைச் சற்று மேலோ கீழோ தள்ளிப் பூட்டிவிடுங்கள். ஒடிந்த தண்டைத் தோண்ட முயன்று கதவைக் குழியாக்குவதில் பயனில்லை.

மர ஜன்னலில் பூட்டுவது

கைப்பிடி வந்ததும் துளைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். பஞ்சுபோல் உள்ளே போனால் ஊறி இற்றுப்போயிருக்கிறது. மண் கலந்த பொடி கொட்டினால் கரையான். அந்த இடத்தில் எந்தக் கைப்பிடியும் நிற்காது. மருந்தடித்து, கெட்ட பகுதியை வெட்டி மரம் ஒட்டிய பிறகே மற்ற வேலை. அது தச்சருக்கு உரியது.

துளை பெரிதானது மட்டுமே குறை என்றால் சரிசெய்வது எளிது. பலர் நீளமான திருகாணியாகப் போட்டுவிடுகிறார்கள். சில சமயம் பிடிக்கும். சில சமயம் கதவின் மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும், அல்லது கண்ணாடியில் போய் இடிக்கும். துளையை அடைப்பதே நல்லது. மூங்கிலையோ உலர்ந்த மரத்தையோ துளையின் விட்டத்தைவிட ஒரு நூலளவு தடிமனாகச் சீவிக்கொள்ளுங்கள். துளைக்குள் மரப்பசையை விட்டு, சிம்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டி அடிவரை இறக்குங்கள். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் வெளியே நீட்டியிருப்பதை ஆக்ஸா பிளேடால் மட்டமாக அறுத்து உப்புத்தாள் போட்டால், துளை இருந்த இடம் கெட்டி மரமாகியிருக்கும். தீக்குச்சிகளைத் திணிப்பது அவசரத்துக்கு உதவும். ஆனால் தீக்குச்சி மரம் மிருதுவானது, தினமும் இழுபடும் கைப்பிடியை நெடுநாள் தாங்காது.

இப்போது புதிய கைப்பிடியை வைத்துப் பாருங்கள். கதவின் நெட்டுச் சட்டத்தில், கண்ணாடி பதிந்திருக்கும் காடிக்கு விலகி வெளி ஓரமாக இருக்க வேண்டும். கம்பிக்கு நடுவே கை போய்ப் பிடிக்கிறதா, கதவு மூடும்போது கைப்பிடி கம்பியிலோ கொசுவலைச் சட்டத்திலோ இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பென்சிலால் துளைகளைக் குறியுங்கள். மேல் துளையை மட்டும் முதலில் போட்டு, திருகாணியை முக்கால் பாகம் முடுக்கி, கைப்பிடியை நேராக்கி, பிறகு கீழ்த் துளையைக் குறிப்பது இன்னும் பாதுகாப்பு. டிரில் வைக்கும் புள்ளியில் குத்தூசியால் ஒரு சிறு குழி போட்டால் பிட் வழுக்காது.

ஜன்னல் கைப்பிடிக்கு 6 நம்பர் அல்லது 8 நம்பர் திருகாணி, முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குல நீளம் போதும். தேக்கு போன்ற கெட்டி மரத்தில் 8 நம்பருக்கு 3 மில்லிமீட்டர் துளையும் 6 நம்பருக்கு இரண்டரை மில்லிமீட்டர் துளையும் போடுங்கள். துளை ஆழம் மிஞ்சாமலிருக்க, பிட்டின் மேல் வேண்டிய நீளத்தில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். திருகாணியின் மரையைச் சோப்புக்கட்டியில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் வழுவழுவென இறங்கும். பித்தளைத் திருகாணி மிருதுவானது. கெட்டி மரத்தில் நேரடியாக முடுக்கினால் கழுத்தில் ஒடிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, அதே துளையில் பித்தளையைப் போட வேண்டும்.

திருகாணித் தலை கைப்பிடியோடு மட்டமாகப் படிந்ததும் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி நிறுத்துங்கள்.

கைப்பிடி புதிதாகியும் தாழ்ப்பாள் பொருந்தாவிட்டால் வேலை முடிந்ததாகாது. கதவு இறங்கிய வீடுகளில் தாழ்ப்பாள் கம்பி சட்டத்துத் துளைக்கு நேராக வராது. அதன் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, கதவை மூடி, தாழ்ப்பாளை மேலே தள்ளுங்கள். சட்டத்தில் வெள்ளைப் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான் துளை இருக்க வேண்டும். கீலின் திருகாணிகளை இறுக்கிய பிறகு இதைச் செய்யுங்கள். பல வீடுகளில் கீல் இறுகியதுமே கம்பி பழைய துளைக்கு நேராக வந்துவிடும். புதிதாகத் துளைக்கத் தேவையிராது.

இரும்பு ஜன்னல்

பழைய குடியிருப்புகளில் காணப்படும் இரும்புச் சட்ட ஜன்னல்களில் கைப்பிடியைச் சட்டத்தில் மரை வெட்டித் திருகாணியால் பூட்டியிருப்பார்கள், அல்லது ரிவிட் அடித்திருப்பார்கள். திருகாணியானால் பழையதைக் காட்டி அதே மரையில் வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தும் மரை வேறாக இருந்தால் இரண்டு சுற்றில் சிக்கிச் சட்டத்தின் மரையைக் கெடுத்துவிடும். ரிவிட்டானால் தலையை டிரில்லால் துளைத்து எடுத்து, நட்டு போல்ட்டால் பூட்டலாம். துளையின் உள்விளிம்பில் துருத்தடுப்புப் பெயிண்டைத் தொட்டு வைக்க மறக்க வேண்டாம்.

நகரும் அலுமினிய ஜன்னல்

இதில் கைப்பிடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் கதவின் ஓரத்தில் பதிந்திருக்கும் டச் லாக். அழுத்தினால் அதன் நாக்கு சட்டத்தில் உள்ள கொக்கியைப் பிடிக்கும். உருளை தேய்ந்து கதவு இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே நாக்கு கொக்கிக்குக் கீழே போய்விடும். அப்போதுதான் கதவை அடித்து அடித்துப் பூட்டத் தொடங்குகிறோம். பிளாஸ்டிக் நாக்கு உடைகிறது.

ஆகவே முதலில் தடத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். கதவின் அடிப்புறப் பக்கவாட்டில் சிறு துளைக்குள் ஒரு திருகாணி தெரிந்தால், அதைத் திருகி உருளையை ஏற்றவோ இறக்கவோ முடியும். எல்லா ஜன்னல்களிலும் இது இருக்காது. இல்லாவிட்டால் சட்டத்தில் உள்ள கொக்கியின் திருகாணிகளைத் தளர்த்தி, நாக்குக்கு நேராக நகர்த்தி இறுக்குங்கள். லாக்கை மாற்ற, மேலும் கீழும் உள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும். வெட்டுக்குழியின் நீளம், அகலம், துளை இடைவெளி மூன்றையும் அளந்து அதே அளவில் வாங்க வேண்டும்.

அலுமினியத்தில் திருகாணித் துளை வழுக்கிவிட்டால் மரச் சிம்பு உதவாது. அடுத்த தடிமனில், 6 நம்பர் இருந்த இடத்தில் 8 நம்பர் போடுங்கள். அதுவும் பிடிக்காத அளவுக்குத் துளை விரிந்திருந்தால் அலுமினிய வேலை செய்பவரிடம் ரிவிட் நட்டு (உள்ளே மரையுள்ள ரிவிட்) போடச் சொல்லலாம். எஸ்.எஸ். திருகாணியை அலுமினியத்தில் இறக்கும்போது மரையில் சிறிது கிரீஸோ வாசலினோ தடவினால் உப்பீரம் உள்ளே புகாது. பின்னாளில் கழற்றுவதும் எளிது. உருளையை மாற்றக் கதவையே கழற்ற வேண்டுமென்றால், மேல் தடத்துக்குள் தூக்கி அடிப்பக்கத்தை உட்புறமாக இழுக்க வேண்டும். கண்ணாடியோடு எடை அதிகம். இருவர் பிடிக்க வேண்டிய வேலை.

யூபிவிசி ஜன்னல்

முதன்முறை செய்கிறவர்களுக்கு இதுதான் எளிது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் அடித்தட்டின் மேல் ஒரு மெல்லிய மூடி இருக்கும். அதைச் சற்றே தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் மேலும் கீழுமாக இரண்டு திருகாணிகள் தெரியும். சில வகைகளில் கைப்பிடியைப் பாதி திருப்பினால்தான் இரண்டாவது திருகாணி வெளிப்படும். இரண்டையும் கழற்றினால் கைப்பிடி நேராக வெளியே வரும். அதன் முதுகிலிருந்து ஒரு சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே மூன்று அளவுகள் வேண்டும். தண்டின் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். திருகாணித் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 43 மில்லிமீட்டர். மூன்றாவதான தண்டின் நீளம்தான் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். அடித்தட்டின் முகத்திலிருந்து தண்டின் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். நீளமாக இருந்தால் ஆக்ஸா பிளேடால் வெட்டி அரத்தால் முனையைச் சீராக்கிவிடலாம். குட்டையாக இருந்தால் பூட்டின் துளைக்குள் சரியாக இறங்காமல் முனையிலேயே வழுக்கும். வளைந்த கைப்பிடியானால் இடம், வலம் என்று பக்கமும் உண்டு. தண்டுக்குப் பதில் இரட்டை நாக்கு நீட்டியிருக்கும் வகையும் இருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

கழற்றிய நிலையிலேயே முன்பு சொன்ன சோதனையைச் செய்துவிடலாம். பழைய கைப்பிடியின் தண்டின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். குறட்டால் சரியான அளவுள்ள ஒரு சதுரக் கம்பியைப் பிடித்து, பூட்டின் துளைக்குள் விட்டுத் திருப்புங்கள். குமிழ்கள் நகர்ந்தால் பழுது கைப்பிடியில்தான். கம்பி சும்மா சுற்றினாலோ அசையவே மறுத்தாலோ உள்ளே பூட்டுப் பட்டை கெட்டிருக்கிறது; கைப்பிடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஜன்னல் மூடியிருக்கும்போதே கைப்பிடி முறிந்துவிட்டால், அடித்தட்டைக் கழற்றி இதே கம்பியால் திறக்கலாம். கதவின் இடுக்கில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் சட்டம் கோணிவிடும்.

புதியதைப் பூட்டும்போது, பழையது எந்த நிலையில் கழன்றதோ அதே நிலையில் கைப்பிடியைத் திருப்பி வைத்துச் செருகுங்கள். இல்லாவிட்டால் திறந்த நிலை மூடிய நிலையாகிவிடும். திருகாணிகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அதிகம் முடுக்கினால் அடித்தட்டு நெளிந்து கைப்பிடியையே இறுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தபடியே பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மூடுங்கள். குழந்தைகள் இருக்கும் மாடி வீட்டில், கம்பியில்லாத ஜன்னலுக்குச் சாவியுள்ள கைப்பிடியாகவே வாங்குங்கள். சாவி குழந்தைக்கு எட்டாத, ஆனால் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் தொங்கட்டும். தீ விபத்தின்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி எல்லா ஜன்னல்களையும் திறந்து மூடிப் பாருங்கள். தளர்ந்த திருகாணியை அப்போதே இறுக்கிவிட்டால் துளை பெரிதாகாது. கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் பூட்டுக் குமிழுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். அலுமினியத் தடத்தில் எந்த எண்ணெயும் விடாமல் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். சாவித் துளைக்குப் பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூள் போதும். கடலோர வீடுகளில் மாதம் ஒரு முறை கைப்பிடிகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தேநீர்க் கறைபோல் பழுப்புத் தெரிந்தால் அது ஆரம்பநிலைதான். சோப்புத் தண்ணீரும் மிருதுவான துணியும் கொண்டு தேய்த்தால் போகும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துணுக்குகள் அங்கேயே ஒட்டித் துருப்பிடிக்கும்.